பெரெகால்யாவுக்கு வந்த நீலச்சீட்டுகள்

என்னைச் சந்தேகப் பிராணி என்று பெரெகால்யா ஊரில் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. பதினோரு வருடம் தபால் அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்களுடைய உறைகளுக்கு முத்திரை குத்தினால் வேறு என்ன குணம் வரும்? உறையைக் கையில் வாங்கியதுமே உள்ளே இருப்பது கல்யாணப் பத்திரிகையா, வக்கீல் நோட்டீஸா என்று எனக்குத் தெரிந்துவிடும். போர்க்காலத்தில் இந்தக் குணம் முற்றிப் போயிற்று. முதலில் ஜெர்மன்காரர்கள் கடிதங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். பிறகு ரஷ்யர்கள் வந்து பிரித்துப் பார்த்தார்கள். பிறகு பிரிப்பவர்கள் யாரென்றே தெரியாமல் கடிதங்கள் பிரிந்து வரத் தொடங்கின.

1947 ஆகஸ்டில் ஹங்கேரியில் தேர்தல் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு நடந்த தேர்தலில் எங்கள் ஊர் மொத்தமும் சிறுவிவசாயிகள் கட்சியின் பக்கம் நின்றது. நாடும் அப்படித்தான். ஆனால் ஜெயித்தவர்களின் தலைவர்கள் ஒவ்வொருவராக ஜெயிலுக்கோ வெளிநாட்டுக்கோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் நாலாபுறமும் பிரிந்து புதுப்புதுக் கட்சிகள் ஆரம்பித்திருந்தார்கள். அதில் ஒன்றுக்கு எங்கள் ஊர் மாவு மில்காரர் பூத் ஏஜெண்ட் என்று எழுதிக் கொடுத்திருந்தார். வியாழக்கிழமை ஒரு மோட்டார் சைக்கிள் அவர் வீட்டு வாசலில் அரை மணி நேரம் நின்றது. வெள்ளிக்கிழமை அவருக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. அந்த மாதம் ஹங்கேரியில் நிறையப் பேருக்கு வயிற்றுவலி வந்தது.

சனிக்கிழமை காலை மருந்துக்கடைக்காரர் ஓதோன் ஐயா தபால் அலுவலகத்துக்கு வந்தார். ஓட்டுச்சாவடிக்கு அவரைத்தான் தலைவராகப் போட்டிருந்தார்கள். ஒல்லியான மனிதர். பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"ஹெர்மினா, எதிர்த்தரப்புல உட்கார ஆள் இல்ல. நீங்க வர்றீங்களா?"

"எனக்கு அரசியல் தெரியாதே ஐயா."

"அரசியல் தெரிஞ்சவங்களை வச்சு நான் என்ன பண்றது? கண்ணு தெரிஞ்சவங்க வேணும்."

எனக்கு அப்போது முப்பத்துநாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா போருக்கு முன்பே போய்விட்டார். அம்மா நாற்பத்தைந்து ஜனவரியில், பனியில் சுரம் வந்து போனாள். மிச்சம் இருந்தது தம்பி பர்னபாஷ் மட்டும்தான். அம்மா சாகும்போது அவன் ரஷ்யச் சிறைமுகாமில் இருந்தான். நாற்பத்தாறில்தான் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, புடாபெஸ்டில் செபெல் தீவில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் போடுவான். அந்தக் கோடையில் கடிதங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. நான் ஏதோ பொம்பளை விவகாரம் என்று சந்தேகப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப்பெட்டியைத் திறந்து காட்டிப் பூட்டினோம். மேஜையில் நாங்கள் மூன்று பேர். நடுவில் ஓதோன் ஐயா, வலது பக்கம் நான், இடது பக்கம் கம்யூனிஸ்ட் கட்சிக்காகக் கொல்லர் ஃப்ளோரியான். ஃப்ளோரியானுக்குக் கழுத்து என்று ஒன்று கிடையாது. தலையை நேராகத் தோளில் வைத்ததுபோல் இருப்பார். சிரித்தால் மேஜை ஆடும்.

"தபாலம்மா, ஓட்டுச்சீட்டையும் மோந்து பார்த்துத்தான் பெட்டியில போடுவீங்களா?"

"உங்க கட்சிச் சீட்டுன்னா மோந்து பார்க்காமலே தெரியும்" என்றேன். ஓதோன் ஐயா, "சண்டை வேண்டாமே, இன்னும் பன்னிரண்டு மணி நேரம் இருக்கு" என்று கண்ணாடியைத் துடைத்தார்.

பூசை முடிந்து ஊர் சனம் வந்தது. எல்லாரும் தெரிந்த முகம். பெயரைப் பட்டியலில் அடித்து, சீட்டும் உறையும் கொடுத்தோம். மறைப்புக்குப் பின்னால் போய்ச் சிலுவைக் குறி போட்டுவிட்டு வந்தார்கள். மதியம் வரை ஒரு சண்டை இல்லை. நான் கொண்டுபோயிருந்த ரொட்டியையும் பன்றிக்கொழுப்பையும் மூன்று பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். ஃப்ளோரியான் பச்சைமிளகாய் கொண்டுவந்திருந்தார். இவ்வளவு அமைதியாக நடப்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

இரண்டு மணிக்கு லாரி வந்தது.

தார்ப்பாய் போட்ட லாரி. முன்னால் ஓக் கிளைகள் கட்டியிருந்தார்கள். உள்ளே அக்கார்டியன் சத்தம். இருபதுக்கு மேற்பட்ட ஆண்களும் பெண்களும் குதித்து இறங்கினார்கள். சிலர் தோளில் துண்டு. அவர்களுக்கு முன்னால் புள்ளி போட்ட தலைத்துணி கட்டிய கனத்த பெண் ஒருத்தி, கையில் பிளம்ஸ் கூடையோடு, கல்யாண வீட்டுக்கு வருகிறவள் மாதிரி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். மால்வின் என்று பெயர் சொன்னாள்.

"அப்பப்பா, என்ன வெயில்! பாலடோன் ஏரிக்குக் குளிக்கப் போறோம். போற வழியில நம்ம கடமையை முடிச்சிட்டுப் போகலாம்னு வந்தோம்."

"ஏரி தெற்கே இருக்கு. நீங்க தெற்கேயிருந்துதானே வர்றீங்க?" என்றேன்.

"சுத்தி வர்றோம்மா. ஊரெல்லாம் பார்க்க வேணாமா? பிளம்ஸ் எடுத்துக்கோங்க."

நான் எடுக்கவில்லை. ஓதோன் ஐயா ஒன்று எடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துத் திரும்ப வைத்தார்.

அந்தத் தேர்தலில் சொந்த ஊரில் இல்லாதவர்களுக்கு நீலக் காகிதத்தில் ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டினால் எந்த ஊரிலும் ஓட்டுப் போடலாம். காலையிலிருந்து எங்களிடம் அப்படி இரண்டே பேர் வந்திருந்தார்கள். ஒருத்தர் விருந்தாளி, ஒருத்தர் ரயில்வேக்காரர். மால்வினின் ஆட்கள் எல்லாரிடமும் நீலச்சீட்டுதான். அதுவும் அவரவர் கையில் இல்லை, மால்வின் பைக்குள் கட்டாக இருந்தது. "இவங்க தொலைச்சிடுவாங்க" என்று ஒவ்வொருத்தர் மேஜைக்கு வரும்போதும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

முதல் சீட்டை வாங்கியதுமே என் விரல் நின்றுவிட்டது. அடுத்ததை வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். ஒன்று மிஷ்கோல்ட்ஸ் நகரத்துச் சீட்டு, மற்றொன்று ஸெகெட் நகரத்துச் சீட்டு. ஒன்று நாட்டின் வடக்கு மூலை, மற்றொன்று தெற்கு மூலை. இரண்டிலும் ஒரே ஊதா மை, ஒரே கையெழுத்து. இரண்டு முத்திரைகளின் விளிம்பிலும் ஒரே இடத்தில் ஒரு பல் உடைந்திருந்தது. முத்திரை விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

"ஐயா, இது கள்ள ஓட்டு" என்று ஓதோன் ஐயாவின் காதில் சொன்னேன்.

"தெரியுது" என்று அவரும் மெதுவாகச் சொன்னார். "ஆனா சீட்டு இருந்தா விடணும்னு ஆணை இருக்கே. முத்திரை பல்லை வச்சு நான் எப்படி நிறுத்துறது?"

"கேள்வி கேட்கலாம்ல?"

"கேளுங்க. கேட்கிறதைத் தடுக்க ஆணை எதுவும் வரல."

கேட்க ஆரம்பித்தேன். மூன்றாவதாக நரைத்த தலையோடு ஒருத்தி வந்தாள்.

"பிறந்த வருஷம்?"

அவள் மால்வினைப் பார்த்தாள். நான் சீட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

"இருபத்தொண்ணு" என்றாள்.

"அப்போ என்னைவிட எட்டு வயசு சின்னவங்க நீங்க."

"என்ன பண்றது தாயி, வாழ்க்கை அப்படி அடிச்சுப் போட்டிருச்சு."

லாரிக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஃப்ளோரியான் சிரிக்கவில்லை. அவர் கழுத்தில்லாத தலை மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒன்பதாவது ஆளின் சீட்டில் இருந்த பெயரும் ஐந்தாவது ஆளின் சீட்டில் இருந்த பெயரும் ஒன்றாகவே இருந்தன. பிறந்த தேதி, அம்மா பெயர் எல்லாம் ஒன்று. "இரட்டைப் பிள்ளைகளா, ரெண்டு பேருக்கும் ஒரே பேரு வச்சுட்டாங்களா?" என்று கேட்டேன். அந்த ஆள், ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று வெளியே போனவன் போனவன்தான்.

பள்ளிக்கூட மரத்தடியில் போலீஸ் சார்ஜெண்ட் பெனே உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே அவரைக் கூப்பிட்டேன். அவர் எழுந்து பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"இது என் வேலை இல்லம்மா. எனக்கு வெளியில கலாட்டா நடக்காம பார்க்கச் சொல்லித்தான் உத்தரவு."

"அடுத்து எவன் தப்பாச் சொல்றானோ அவனைப் பிடிச்சு உட்கார வையுங்க. நான் அறிக்கையில எழுதிக் கையெழுத்துப் போடுறேன். ஐயாவும் போடுவாரு."

ஓதோன் ஐயா கண்ணாடியைத் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார். பிறகு மாட்டிக்கொண்டு, "போடுறேன்" என்றார். அவர் குரல் அவ்வளவு உறுதியாக வந்து நான் கேட்டதே இல்லை. மால்வினின் சிரிப்பு முதல் தடவையாகக் கொஞ்சம் தேய்ந்தது. வரிசையில் நின்றவர்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள்.

அந்த நேரம்தான் நான் ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தேன். தார்ப்பாய்க்குக் கீழே ஒரு ஜோடி பூட்ஸ் தெரிந்தது.

"உள்ளே யாரு?"

"யாருமில்லையே" என்றாள் மால்வின்.

"பூட்ஸ் தெரியுது."

"ஓ, அவனா? அவனுக்கு வயித்து வலி."

"ஓட்டுப் போட வந்தவன்தானே? வரச் சொல்லுங்க."

"அவனுக்கு இங்க போட இஷ்டமில்லையாம். விடுங்களேன், ஒரு ஓட்டுதானே?"

ஒரு ஓட்டுக்காக நாட்டைச் சுற்றி லாரி ஓட்டுகிறவர்கள் ஒரு ஓட்டை விடச் சொல்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? மிச்சச் சீட்டுக்கட்டுகள் அவனிடம் இருக்கின்றன என்று என் மனம் அடித்துச் சொன்னது. அவன்தான் கூட்டத்துக்கு மூளை. "சார்ஜெண்ட், அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்றேன். பெனே போய்த் தார்ப்பாயைத் தூக்கி ஏதோ சொன்னார். அந்த ஆள் வர மறுத்ததும், பெனே கையைப் பிடித்து இழுத்ததும் தெரிந்தது.

தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டபடி அவன் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். மால்வின் ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். வாங்கினேன். ஹொல்லோஷி காஷ்பார், பிறப்பு 1920.

"தொப்பியை எடு" என்றேன்.

எடுத்தான். பர்னபாஷ்.

என் தம்பி. என் கண்ணைப் பார்க்காமல் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். கன்னம் ஒட்டி, காதுமட்டும் பெரிதாகத் தெரிந்தது. இந்த ஊரில் அவனை யாருக்கும் தெரியாது. நான் இங்கே மாற்றலாகி வந்த பிறகு அவன் ஒரு தடவைகூட வந்ததில்லை.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். ஓதோன் ஐயா கேட்டார்: "பேரு?"

"ஹொல்லோஷி காஷ்பார்."

"பிறந்த வருஷம்?"

"இருபது."

"ஹெர்மினா, நீங்க கேளுங்க. சீட்டு உங்ககிட்டதானே இருக்கு."

பெனே அவன் தோளுக்குப் பின்னால் நின்றார். இருபது ஜோடிக் கண்கள் என்னைப் பார்த்தன. சீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வரி. நெமெஷ் ரொஸாலியா என்று எழுதியிருந்தது.

"அம்மா பேரு?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவன் என்னைப் பார்த்தான். அந்த வேற்றுப் பெயர் அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். காலையிலிருந்து எத்தனை ஊரில் எத்தனை அம்மா பெயர் சொல்லியிருப்பானோ. ஆனால் என் முன்னால் நின்று அவனால் அது முடியவில்லை.

"ஜுப்ரிச் வில்மா" என்றான்.

எங்கள் அம்மாவின் பெயர்.

நான் சீட்டைப் பார்த்தேன். பார்ப்பதுபோல் பார்த்தேன். எழுத்துகள் எதுவும் தெரியவில்லை.

"சரி" என்றேன்.

"சரியா இருக்கா?" ஓதோன் ஐயா கையை நீட்டினார். "கொடுங்க, நானும் பார்க்கிறேன்."

அதற்குள் சீட்டை மற்றவற்றோடு ஊசிக்கம்பியில் குத்திவிட்டேன். "சரியாத்தான் இருக்கு ஐயா. அடுத்தவங்க நிக்கிறாங்க."

பர்னபாஷ் உறையை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனான். எல்லாரையும்விட அதிக நேரம் அங்கே நின்றான். பிறகு பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனான். அடுத்து வந்த பதின்மூன்று பேரிடம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர்களுக்கும் அது புரிந்து, கடைசி ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டே போட்டுவிட்டுப் போனார்கள்.

மால்வின் பிளம்ஸ் கூடையை மேஜையிலேயே வைத்துவிட்டாள். வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ரொம்ப நன்றிம்மா. எங்க பையனை அதிகமா விரட்டாம விட்டீங்க."

அந்த ஒரு வாக்கியம் அதற்குப் பிறகு என்னைத் தூங்கவிடவில்லை. எங்க பையன் என்று அவள் எதற்குச் சொன்னாள்?

எண்ணி முடித்தபோது எங்கள் ஊரில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு எழுபத்தெட்டு ஓட்டு. ஃப்ளோரியான் அந்த எண்ணைக் காகிதத்தில் பார்த்துவிட்டுக் கோட்டை மாட்டினார். ஓதோன் ஐயா அறிக்கையை என் பக்கம் தள்ளினார். "ஆட்சேபம் எழுதுங்க. முத்திரை, அந்தக் கிழவி, ரெண்டு தடவை வந்த பேரு, எல்லாம்."

எழுதினால் ஊசிக்கம்பியிலிருந்து சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். "வேண்டாம் ஐயா" என்றேன். ஆட்சேபம் இல்லை என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் என்னைக் கண்ணாடி இல்லாமல் பார்த்தார். கண்ணாடி இல்லாத அந்த முகம் எனக்குப் பழக்கமில்லாத முகமாக இருந்தது.

மறுவாரத்திலிருந்து ஓதோன் ஐயா தன் கடிதங்களைப் பக்கத்து ஊரில் போட ஆரம்பித்தார். ஐந்து கிலோமீட்டர் சைக்கிளில் போவார். ஊர்க்காரர்கள் உறைகளுக்கு அரக்கு வைத்துக் கொண்டுவந்தார்கள். ரொட்டிக்கடையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. எனக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு ஓடியது என்பது என் காதுக்கும் வந்தது. சந்தேகப்படுவது எப்படி என்று எனக்குத் தெரியும். சந்தேகத்துக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தது அதுவே முதல் தடவை.

அக்டோபரில் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. என்னை நகரத்துத் தபால் நிலையத்துக்கு, இரண்டு படி மேலே உயர்த்தியிருந்தார்கள். நான் விண்ணப்பித்ததே இல்லை. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஊர் சொன்னது சரியாகிவிட்டது போலிருந்தது. அன்றைக்கே தம்பியைப் பார்க்கப் புடாபெஸ்ட் ரயிலில் ஏறினேன்.

செபெலில் டான்யூப் கரையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவன் எண்ணெயில் பொரித்த பூண்டு ரொட்டி இரண்டு வாங்கி வந்தான். இரண்டுமே ஆறிப்போயின.

"அக்கா, ஃபோர்மேன் வந்து உல்லாசப் பயணம்னாரு. ரஷ்யாவுலேர்ந்து வந்தவங்க பேரெல்லாம் தனி லிஸ்டுல இருக்கு. வரலைன்னா அந்த லிஸ்ட் எங்க போகும்னு சொல்ல வேணாம்ல?"

"எத்தனை ஊருல போட்ட?"

"உங்க ஊருக்கு முன்னாடி ஆறு."

"நான் அங்க இருக்கேன்னு மால்வினுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லவே இல்ல. வயித்து வலின்னு சொல்லித்தான் லாரியிலயே கிடந்தேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீ வீட்டுல இருப்பேன்னு நினைச்சேன். ஓட்டுச்சாவடியில வந்து உட்கார்ந்திருப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"லாரியில ஏறும்போது, இந்தப் பக்கம் சொந்தக்காரங்க இருக்காங்களான்னு யாராவது கேட்டாங்களா?"

அவன் ரொட்டியைப் பிய்த்து ஆற்றில் போட்டான். "கேட்டாங்க. இல்லைன்னு சொன்னேன்."

"எதுக்குக் கேட்டாங்க?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"நான் போட்ட கடிதமெல்லாம் ஹாஸ்டல்ல யார் கையில வாங்குவ?"

"வார்டன்."

"பிரிச்சிருந்ததா?"

அவன் மிச்ச ரொட்டியையும் பிய்த்து ஆற்றில் போட்டான். தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு போட்ட கடிதத்தில்தான், எங்கள் ஊர் மாவு மில்காரர் விலகிவிடுவார் போலிருக்கிறது என்றும் என்னைக் கேட்பார்களோ என்று தோன்றுவதாகவும் எழுதியிருந்தேன். அது தேர்தலுக்கு முன்பு அவனுக்குப் போய்ச் சேரவில்லையாம். தபாலில் பதினோரு வருடம் இருந்தவளிடம் ஒரு கடிதம் போய்ச் சேரவில்லை என்றால் அவள் அதை எப்படி எடுத்துக்கொள்வாள்? அவன் பொய் சொல்கிறானா, வேறு யாராவது படித்துவிட்டு வைத்துக்கொண்டார்களா, எனக்குப் புரியவில்லை.

"உங்க ஊருல நான் உன் கட்சிக்குத்தான் குறி போட்டேன்" என்றான் திடீரென்று.

"அதை நான் நம்பணுமா?"

"நம்பாத. உன் இஷ்டம்." கையைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தான்: "நீலச்சீட்டைப் பத்தி விசாரணை நடக்குதுன்னு பேப்பர்ல வருதே. நீ எழுதிக் கொடு. என் பேரையும் எழுது. ஆறு ஊரையும் நான் சொல்றேன். எனக்கு அந்தப் பேரெல்லாம் கனவுல வருது. எல்லாம் எவனோ செத்தவன் பேரு மாதிரியே இருக்கு."

நிஜமாகத்தான் சொல்கிறானா, நான் எழுத மாட்டேன் என்ற தைரியத்தில் சொல்கிறானா என்று அப்போதும் யோசித்தேன். யோசித்தபடியே ஊர் திரும்பி, பதவி உயர்வை மறுத்து ஒரு கடிதமும், விசாரணைக்கு ஒரு வாக்குமூலமும் எழுதினேன். முத்திரையின் உடைந்த பல்லிலிருந்து தம்பியின் பெயர் வரை ஒன்றையும் விடவில்லை. வாக்குமூலத்தை முதலில் ஓதோன் ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மருந்துக்கடையிலேயே நின்று படித்தார். படித்து முடித்து, "இவ்வளவுதானா? நான் உங்களை என்னென்னவோ நினைச்சிட்டேனே" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். தானும் ஒரு வாக்குமூலம் எழுதித் தந்தார்.

அடுத்த பிப்ரவரியில் நீதிமன்றத்துக்கு அழைப்பு வந்தது. சாட்சி என்று நினைத்துப் போனேன். போன பிறகுதான் குற்றம் சாட்டப்பட்டவளே நான்தான் என்று தெரிந்தது.

எங்கள் ஊர் நீலச்சீட்டுகள் எதுவும் கோப்பில் இல்லை. ஊசிக்கம்பியோடு காணாமல் போயிருந்தன. சீட்டு இல்லாததால் லாரியில் வந்தவர்கள்மீது குற்றம் இல்லை. மால்வின் என்ற பெயரில் யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஓட்டுச்சாவடியில் உட்கார்ந்து, பொய்ச்சீட்டு என்று தெரிந்தே ஓர் ஆளை விட்டதாகக் கைப்பட ஒப்புக்கொண்டவள் நான் ஒருத்திதான்.

"என் தம்பி வெளியில நிக்கிறான். அவனைக் கூப்பிட்டுக் கேளுங்க" என்றேன்.

"அவர் சாட்சிப் பட்டியலில் இல்லை" என்றார் நீதிபதி.

பர்னபாஷ் தொழிற்சாலையில் லீவு சொல்லாமல் வந்து நடையில் மூன்று மணி நேரம் நின்றிருந்தான். தீர்ப்பு வாசிக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். "ஓட்டுப் போட்டவன் நான். ஏழு ஊருல போட்டேன். என்னை ஏன் கூப்பிடல?" என்று கத்தினான். காவலர்கள் இரண்டு பக்கமும் பிடித்து வெளியே தள்ளினார்கள். எழுத்தர் அவன் சொன்னதைப் பதிவு செய்யவில்லை. நான் எட்டிப் பார்த்தேன், பேனா மேஜைமேலேயே கிடந்தது.

எனக்கு இரண்டு மாதச் சிறை; தண்டனையை நிறுத்திவைத்ததால் உள்ளே போக வேண்டியிருக்கவில்லை. தபால் வேலை போயிற்று. அந்த வாரமே அவனுக்கும் தொழிற்சாலையில் கணக்குத் தீர்த்துவிட்டார்கள்.

ஒரு மரப்பெட்டியோடு பெரெகால்யாவுக்கு வந்து சேர்ந்தான். நான் மருந்துக்கடையில் பொட்டலம் மடிக்கப் போனேன். அவனுக்கு வேலை கொடுத்தவர் யார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், கொல்லர் ஃப்ளோரியான். எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. பட்டறைக்கே போய்க் கேட்டேன்.

"எங்க ரெண்டு பேரையும் கண்காணிக்கச் சொன்னாங்களா?"

அவர் சம்மட்டியைக் கீழே வைத்தார். "தபாலம்மா, இந்த ஊருல ரெண்டு வருஷமா வீடு வீடா ஏறி இறங்குனேன். நிலம் வாங்கிக் கொடுத்தேன், ஏர்க்கலப்பை ஓசியில அடிச்சுக் கொடுத்தேன். எழுபத்தெட்டு ஓட்டு விழுந்துச்சு. அதுல எத்தனை நான் சம்பாதிச்சதுன்னு எனக்கே தெரியல. அந்தப் பொம்பளை என்னை ஒரு வார்த்தை கேட்காம என் ஊருக்குள்ள லாரியை விட்டா. நீங்க அவங்களைக் கேள்வி கேட்டப்போ உள்ளுக்குள்ள நான் உங்க பக்கம்தான் இருந்தேன். வாயைத் திறக்கலை. அதுக்குத்தான் இது."

"இதை வெளியில சொல்வீங்களா?"

"பைத்தியமா? உங்ககிட்ட சொன்னதையே நான் சொல்லலைன்னுதான் சொல்வேன்." திரும்ப அடிக்க ஆரம்பித்தார்.

நாற்பத்தொன்பது மே மாதம் அடுத்த தேர்தல் வந்தது. இந்தத் தடவை ஒரே ஒரு பட்டியல்தான், அதற்கு ஆம் அல்லது இல்லை என்று குறி போடலாம். வேறு கட்சி எதுவும் மிச்சமில்லை. பள்ளிக்கூடத்து மேஜையில் ஃப்ளோரியான் தலைவராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாவு மில்காரர், வயிறு நன்றாகக் குணமாகி. ஊர் சனம் பூச்செண்டும் கொடியுமாக வரிசையில் வந்து, சீட்டை அங்கேயே மேஜைமேல் வைத்துக் குறி போட்டது. நானும் தம்பியும் போனோம்.

"மறைப்பு எங்க?" என்று கேட்டேன்.

மாவு மில்காரர் சிரித்தார். "ஒரே பட்டியல்தானேம்மா. மறைக்க என்ன இருக்கு?"

"எனக்கு வேணும்."

ஃப்ளோரியான் என்னைப் பார்க்காமல் மூலையைக் கைகாட்டினார். அங்கே மறைப்பைச் சுவரோரமாக மடக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். பர்னபாஷ் போய் அதை இழுத்து விரித்தான். அதன் கால் ஒன்று ஆடியது, நான் வெளியே வரும் வரை கையால் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு அவனும் உள்ளே போனான். நான் பிடித்துக்கொண்டேன். எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் அங்கே போகவில்லை. யாரோ எங்கள் பெயரைக் குறித்துக்கொள்கிறார்கள் என்பது முதுகிலேயே தெரிந்தது.

வெளியே வந்து கோயில் தெருவில் திரும்பினோம். பிறகு அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"அக்கா, என்ன போட்ட?"

"உனக்கெதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா எதுக்குக் கேட்கிற? யாராவது கேட்கச் சொன்னாங்களா?"

அவன் நடுத்தெருவில் நின்றுவிட்டான். கோபப்படப் போகிறான் என்று நினைத்தேன். ஆனால் சிரித்தான். ரஷ்யாவிலிருந்து வந்த பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் என்ன போட்டேன் என்று நான் சொல்லவில்லை. அவனும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு உரித்தோம்.